‘ஷேர்’ என்னும் சொல்லும் எங்கள் வீட்டுப் பங்கும்

பத்தாம் வகுப்பு மாணவி

‘ஷேர்’ என்ற ஆங்கிலச் சொல்லை அறியாதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. எல்.கே.ஜி.யில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பக்கத்தில் இருந்த பிள்ளைக்குக் கலர் பென்சிலைத் தர மறுத்தபோது, “ஷேர் பண்ணணும்மா” என்று மிஸ் நமக்குக் கற்றுக் கொடுத்த சொல் அது. லஸ் பக்கம் போனால் ஷேர் ஆட்டோ. பெரியவர்கள் செய்தித்தாளில் பார்ப்பது ஷேர் மார்க்கெட். கைபேசியைத் திறந்தால் அங்கும் ஷேர். இவ்வளவு பழகிய சொல்லைப் பற்றி ஒரு கட்டுரையா என்று தோழியர் சிரிக்கலாம். இந்த ஆண்டின் முதல் பருவம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்போது ஆங்கில வகுப்பில், ஷேர் என்ற வினைச்சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். நான் ‘மை ஆன்ட் ஷேர்ட் ஹர் ஸ்வீட்ஸ் டு மீ’ என்று எழுதினேன். மிஸ் ‘டு’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘வித்’ என்று எழுதியிருந்தார். எனக்கு விளங்கவில்லை. அத்தை இனிப்பை எனக்குத்தானே கொடுத்தார்? ‘எனக்கு’ என்றால் ‘டு மீ’ அல்லவா? எழுந்து கேட்டேன். மிஸ் கோபித்துக் கொள்ளவில்லை. “நூலகத்தில் பெரிய அகராதி இருக்கிறது. அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று பார்த்து வந்து வகுப்புக்குச் சொல். ஏன் ‘வித்’ என்று அதன் பிறகு பேசலாம்” என்றார்.

அகராதியைப் பார்க்கப் போனது பள்ளிப் பாடத்துக்காகத்தான். ஆனால் அதே மாதத்தில் எங்கள் வீட்டிலும் பக்கத்துக்குப் பக்கம் ஷேர் என்று அச்சடித்த காகிதங்கள் வந்து சேர்ந்தன. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் வெட்டுதல், கத்தரித்தல் என்னும் பொருளில் ஒரு வினைச்சொல் இருந்தது. இன்று ஆட்டு உரோமம் கத்தரிப்பதைச் சொல்லும் ‘ஷியர்’ என்ற சொல் அதன் நேர் வாரிசு. அந்த வினையின் உறவுக்காரப் பெயர்ச்சொல்தான் ஷேர் என்பதன் மூதாதை. அதற்கு வெட்டு என்றும், வெட்டியதால் கிடைத்த துண்டு என்றும் பொருள். இன்னொரு பொருளும் இருந்தது. துறவியர் தலையில் உச்சி முடியை வட்டமாக மழித்துக் கொள்ளும் வழக்கம் அக்காலத்தில் உண்டல்லவா, அதற்கும் இதே சொல்தான். இதை நான் வகுப்பில் படித்தபோது பின்வரிசையில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

ஆகவே, நாம் மிக மென்மையானது என்று நினைக்கும் சொல் கத்தியோடு பிறந்திருக்கிறது. அதன் கூடப்பிறந்தவர்களையும் தேடிப் பார்த்தேன். வேலி ஓரச் செடிகளைத் தோட்டக்காரர் வெட்டும் பெரிய கத்தரிக்கோலுக்கு ‘ஷியர்ஸ்’ என்று பெயர். குட்டை என்னும் பொருளுள்ள ‘ஷார்ட்’ வெட்டிக் குறைக்கப்பட்டது. நம் சீருடையில் இருக்கும் ‘ஷர்ட்’, ‘ஸ்கர்ட்’ இரண்டும் ஒரே வேரைச் சேர்ந்த இரட்டையர். ஒன்று இங்கிலாந்திலேயே வளர்ந்தது, மற்றது வடநாட்டு வைக்கிங்குகளோடு கப்பலேறி வந்தது. இரண்டுக்கும் முதலில் குட்டையாக வெட்டிய உடை என்றே பொருளாம். நம் ஸ்கர்ட்டின் நீளத்தை முழங்காலுக்குக் கீழே அளந்து பார்க்கும் சிஸ்டரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ‘ஸ்கோர்’ என்றால் கோலில் வெட்டிய கீறல். இருபது எண்ணியவுடன் ஒரு கீறல் போடுவார்கள், அதனால் ஸ்கோர் என்பது இருபதுக்குப் பெயராயிற்று, பிறகு ஆட்டத்தின் கணக்குக்கும் பெயராயிற்று. ‘சிஸர்ஸ்’ மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது இலத்தீன் மொழியிலிருந்து வந்த வேறு வீட்டுப் பிள்ளை. நான் அதையும் சேர்த்து எழுதி வைத்திருந்து, பிறகு அடிக்க வேண்டியதாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்த உறவுக்காரர் கலப்பையின் கொழு. மண்ணைக் கிழித்துச் செல்லும் அந்த இரும்பு முனைக்கு ஆங்கிலத்தில் ‘பிளவ்ஷேர்’ என்று பெயர். அந்த ஷேரும் நம் ஷேரும் ஒரே வேர். மண்ணை வெட்டுவது ஒரு ஷேர், விளைந்ததைப் பிரிப்பது மற்றொரு ஷேர். நம் ஊரிலும் விளைச்சலைப் பிரிக்கத் தனிச் சொற்கள் இருந்தன. நிலத்துக்கு உரியவருக்கோ அரசுக்கோ போவது மேல்வாரம், உழுதவருக்கு நிற்பது குடிவாரம். இவற்றில் எது பெரிது என்பதில் எத்தனை வழக்குகள் நடந்தன என்பது வரலாற்றுப் பாடத்தில் வருவதால் இங்கே விரிக்கவில்லை.

பெயர்ச்சொல் இவ்வளவு பழையது. ஆனால் ‘ஷேர் செய்’ என்ற வினைச்சொல் வயதில் இளையது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது ஆங்கிலத்தில் எழுந்து நின்றது. அதாவது ஷேக்ஸ்பியர் காலம். அந்த ஷேக்ஸ்பியரே ஒரு ‘ஷேரர்’ என்று படித்தபோது வியந்தேன். 1594ஆம் ஆண்டு அமைந்த நாடகக் குழுவில் அவர் எழுதுபவராகவும் நடிப்பவராகவும் மட்டும் இருக்கவில்லை, பங்குதாரராகவும் இருந்தார். நாடகம் நன்றாக ஓடினால் இலாபத்தில் அவருக்கு ஒரு துண்டு. சில ஆண்டுகளுக்குள், 1600 டிசம்பர் 31 அன்று, இலண்டன் வணிகர்கள் பலர் பணம் போட்டுச் சேர்ந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசியின் பட்டயம் கிடைத்தது. அக்கம்பெனி 1639இல் நம் கடற்கரையில் இடம் பெற்றுப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. ஆக, நம் நகரத்தின் பிறப்பிலும் இந்தச் சொல்லுக்குச் சிறிது பங்குண்டு. கம்பெனியின் இலாபத்தை இலண்டனில் பகிர்ந்து கொண்டார்கள். இங்கே நெய்தவர்களுக்கு அதில் பங்கில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். ஒரு ரொட்டியை ஷேர் செய்தால் அது துண்டாகிறது, எனக்குக் கிடைப்பது குறைகிறது. இது சொல்லின் பழைய, கத்தி பிடித்த பொருள். வகுப்பில் நாம் ஒரு பெஞ்சை ஷேர் செய்கிறோமே, அங்கே என்ன வெட்டப்படுகிறது? பெஞ்சு முழுதாகவே இருக்கிறது. நெருக்கி உட்கார்கிறோம், அவ்வளவுதான். ஷேர் ஆட்டோவும் இப்படித்தான். “கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, இன்னும் ஒருத்தர்தான்” என்று ஓட்டுநர் சொல்லும்போது, வண்டி துண்டாவதில்லை, நம் எலும்புதான் துண்டாகிறது. அடுத்து, ஒரு செய்தியை ஷேர் செய்தால் அது குறைவதும் இல்லை, நெருக்குவதும் இல்லை. என்னிடமும் இருக்கிறது, உன்னிடமும் இருக்கிறது. வெட்டினால் வளரும் பொருள் இது! மனத்தில் உள்ளதைப் பிறரிடம் சொல்வது என்னும் பொருள் ஆங்கிலத்தில் மிக அண்மையில், 1930களில்தான் பரவியது. ஒருவர் தம் வாழ்வில் செய்த தவற்றைக் குழுவாக அமர்ந்து வெளிப்படையாகச் சொல்லும் ஒரு சமய இயக்கத்தார் அதை ‘ஷேரிங்’ என்றார்கள். நம் தியான நாட்களில் சிஸ்டர் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, “இப்போது ஷேரிங்” என்பார்களே, அதுவும் இந்தப் பொருள்தான். எல்லாரும் தரையைப் பார்ப்போம். யாராவது ஒருத்தி அழத் தொடங்கினால்தான் மற்றவர்களுக்கு வாய் வரும்.

கைபேசியில் உள்ள ஷேர் இந்தக் கடைசிப் பொருளின் பேரப்பிள்ளை. அதில் ஒரு வசதிக் குறைவு உண்டு. ரொட்டியைப் பகிர்ந்தால் நமக்குக் குறையும் என்பதால் யோசித்துக் கொடுப்போம். இதில் நமக்கு எதுவும் குறையாததால் யோசிப்பதே இல்லை. மழை நாட்களில் நம் பள்ளிக்கு விடுமுறை என்று எத்தனை பொய்ச் செய்திகள் வந்தன என்பது பெற்றோர்களுக்குத் தெரியும்.

இப்போது என் சிவப்பு மைக்குத் திரும்புகிறேன். ஏன் ‘வித்’? கொடுத்தல் என்ற வினையில் பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்விடுகிறது. அதனால் ‘டு’. ஷேர் என்பதில் கொடுத்தவரும் கூடவே இருக்கிறார், அவருக்கும் ஒரு துண்டு இருக்கிறது. அதனால் ‘வித்’. அத்தை இனிப்பு முழுவதையும் என்னிடம் தந்துவிட்டுப் பார்த்துக் கொண்டிருந்தால் அது ஷேர் அன்று, வெறும் ‘கிவ்’. ‘ஷேர் மீ யுவர் நோட்ஸ்’ என்று நம் வகுப்பில் தினமும் கேட்கிறது. அதுவும் பிழை. ‘ஷேர் யுவர் நோட்ஸ் வித் மீ’ என்க. நிறையப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கும்போது ‘ஷேர் அவுட்’ என்றும், ‘அமங்’ சேர்த்தும் சொல்லலாம். பிறர் மகிழ்ச்சியில் கலந்து கொண்டால் ‘ஷேர் இன்’. ‘பார்டேக்’ என்று இன்னொரு சொல் உண்டு. பங்கை எடுப்பவர் என்ற பெயர்ச்சொல்லின் வாலை வெட்டி வினையாக்கிய சொல் அது. அதில் எடுத்துக் கொள்ளுதல் மட்டுமே உண்டு, கொடுத்தல் கிடையாது.

தமிழில் இந்த வேறுபாட்டை நாம் எவ்வளவு எளிதாகச் செய்கிறோம் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பகிர்ந்து கொடுத்தாள் என்றால் பிறருக்கு. பகிர்ந்து கொண்டாள் என்றால் பிறரோடு. ‘கொடு’ ஒன்று, ‘கொள்’ ஒன்று, முடிந்தது. ஆங்கிலேயர் ‘டு’வையும் ‘வித்’தையும் வைத்துப் படும் பாட்டை நாம் ஒரு துணைவினையில் முடித்து விடுகிறோம். நான் தவறு செய்ததற்குக் காரணம் ஆங்கிலம் தெரியாதது மட்டும் அன்று, தமிழைக் கவனிக்காததும்தான் என்று எங்கள் தமிழாசிரியை சொன்னார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

நம் சொல்லுக்கும் வேர் பிரித்தல்தான். பகு என்ற அடியிலிருந்து பகிர், பகுதி, பாதி எல்லாம் வருகின்றன. தோட்டத்தில் வரப்புக் கட்டிப் பிரித்தால் பாத்தி. நூலைப் பிரித்தால் பால், திருக்குறளில் மூன்று பால் உள்ளன அல்லவா? பகுத்து உண்ணும் உணவுக்குப் பாத்தூண் என்று வள்ளுவர் ஒரு சொல் வைத்திருக்கிறார். இருப்பதைப் பகுத்து உண்டு பல உயிர்களையும் காப்பதுதான் நூலோர் சொன்ன அறங்களுள் தலையானது என்று அவர் கூறுவது கொல்லாமை அதிகாரத்தில். கொலை செய்யாதே என்று சொல்லும் இடத்தில் பகிர்ந்து உண் என்பது ஏன் வருகிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

பங்கு என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. சந்தையில் பங்கு என்றால் ஷேர். பிரித்த சொத்திலும் பங்கு. நம் கத்தோலிக்க மக்களிடையே பங்கு என்றால் ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் அனைவரும். பங்குத்தந்தை, பங்குப் பேரவை என்கிறோம். ‘நீங்கள் எந்தப் பங்கு?’ என்று லஸ் கோவில் வாசலில் ஒருவரை ஒருவர் கேட்டால், எத்தனை ரூபாய்க்கு என்று யாரும் நினைப்பதில்லை. மறைமாவட்டத்தைப் பகுத்த ஒரு பகுதிதான் பங்கு. ஆனால் அதன் உள்ளே இருப்பவர்களுக்கு அது சேர்ந்திருக்கும் இடம். பங்காளி என்பது இரட்டை முகம் கொண்ட சொல். ஒரே தாத்தாவின் சொத்தில் உரிமை உள்ள உறவினன் என்பது முதற்பொருள். சண்டைக்காரன் என்பது ஊர் கொடுத்த பொருள். சென்னைப் பையன்கள் ‘டேய் பங்காளி’ என்று நண்பனை அழைப்பது மூன்றாவது. (பங்குனிக்கும் பங்குக்கும் உறவு இருக்கும் என்று ஆவலோடு தேடினேன். இல்லை, அது ஒரு விண்மீன் கூட்டத்தின் வடமொழிப் பெயரிலிருந்து வந்தது.)

கூறு என்பதையும் விட மனமில்லை. மயிலாப்பூர்த் தெருவோரத்தில் காய் விற்கும் அம்மா, கத்தரிக்காயைச் சிறு குவியல்களாகப் பிரித்து வைத்து, ‘கூறு இருபது ரூபா’ என்பார். கூறு என்றால் துண்டு. அதே ஒலியில் கூறு என்றால் சொல். பிரித்தலும் பேசுதலும் ஆங்கிலத்தில் ஷேர் என்ற ஒரே சொல்லில் வந்து சேரப் பல நூற்றாண்டுகள் ஆயின. நம் மொழியில் அவை இரண்டும் எப்போதோ ஒரே ஒலியில் வந்து உட்கார்ந்து கொண்டன.

இனி எங்கள் வீட்டுக் காகிதங்கள்.

ஆழ்வார்பேட்டையில் எங்கள் பாட்டி வீடு ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. சிவப்புத் தரை, பின்னால் ஒரு கிணறு, ஒரு மாமரம். சிறு பிள்ளையாக இருந்தபோது மாம்பழம் வெட்டினால் பாட்டி எங்களுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். “வெட்டுறவ கடைசியில எடுக்கணும்.” கத்தி என் கையில் என்றால் என் அண்ணனும் பெரியப்பா மக்களும் முதலில் எடுத்து விடுவார்கள். மீதி எனக்கு. அதனால் நான் ஸ்கேல் வைத்து அளக்காத குறையாக வெட்டுவேன். ஈசாப் கதையில் சிங்கம் அப்படிச் செய்யவில்லை. அதுவே பிரித்தது, முதல் பங்கையும் அதுவே எடுத்தது, கடைசிப் பங்கையும் அதுவே எடுத்தது. செய்தித்தாள்களில் ‘சிங்கப் பங்கு’ என்றால் பெரும்பகுதி என்று எழுதுகிறார்கள். கதையில் அது முழுவதும்தான்.

தாத்தா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதாக ஒருவர் வந்து பேச, பெரியப்பாவும் அப்பாவும் சம்மதித்தார்கள். அப்போது வந்த ஆங்கிலப் பத்திர நகலில்தான் ‘அன்டிவைடட் ஷேர்’ என்ற தொடரைப் பார்த்தேன். சென்னையில் அடுக்குமாடியில் குடியிருக்கும் தோழியர் வீட்டுப் பத்திரம் அனைத்திலும் இது இருக்கும். தமிழில் பிரிபடாத பங்கு என்கிறார்கள். ஒரு மனையில் ஆறு வீடுகள் கட்டினால், ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தரையில் இத்தனை சதுர அடி சொந்தம். ஆனால் எந்த மூலையில் என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. மண் முழுவதிலும் எல்லாருக்கும் உரிமை. வேரைப் பார்த்தால் ‘வெட்டப்படாத வெட்டு’ என்று பொருள் வருகிறது! வகுப்பில் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைக்காது என்று அன்று மகிழ்ந்தேன்.

நகலோடு தமிழில் இன்னொரு காகிதமும் இருந்தது. அது அத்தை கையெழுத்திட வேண்டிய விடுதலைப் பத்திரம். அத்தை திண்டுக்கல்லில் இருக்கிறார், வீட்டில் கடைசிப் பெண். ‘மேற்படி சொத்தில் எனக்கு எவ்விதப் பங்கும் கிடையாது’ என்று அதில் இருந்தது. இது எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான், கல்யாணத்தின்போதே நகை போட்டாயிற்று என்று பெரியப்பா சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

நான் கணக்கு நோட்டை எடுத்துக் கொண்டு உட்கார்ந்தேன். நம் நாட்டில் கிறிஸ்தவர்களுக்கு உள்ளது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு 1/3, மீதி 2/3 பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் என்றும் மகள் என்றும் வேற்றுமை இல்லை. பிள்ளைகள் மூவர் ஆதலால் ஆளுக்கு 2/9. பாட்டியின் 3/9, பெரியப்பா 2/9, அப்பா 2/9, அத்தை 2/9. கூட்டினால் சரியாக ஒன்று. பின்னக் கணக்கு இவ்வளவு அழகாக வந்ததில்லை.

இந்தச் சமப்பங்கு எல்லாப் பெண்களுக்கும் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. கேரளத்தில் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கு 1916ஆம் ஆண்டின் ஒரு பழைய சட்டத்தை வைத்து, மகனுடைய பங்கில் நாலில் ஒன்றோ 5,000 ரூபாயோ, எது குறைவோ அது என்று கொடுத்து வந்தார்கள். மேரி ராய் என்ற ஆசிரியை தம் குடும்பத்தின் மீதே வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986இல் தீர்ப்பு வந்தது, 1925ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களுக்கும் பொருந்தும் என்று. இந்துக் குடும்பங்களில், தந்தை தாமே சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சமப்பங்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. பூர்வீகச் சொத்தில்தான் இல்லாமல் இருந்தது. நம் தமிழ்நாடு 1989இல் அதையும் கொடுத்தது, ஆனால் அதற்கு முன் மணமான பெண்களை விட்டுவிட்டது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்த விலக்கையும் எடுத்தது. இவ்வளவும் நான் என் தோழியின் தாயாரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டவை. அவர் வழக்கறிஞர்.

அத்தை ஒரு சனிக்கிழமை வந்தார். வழக்கம் போல் எனக்குப் பால்கோவா. சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பா காகிதத்தை மேசையில் வைத்தார். அத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக் கொண்டு இரண்டு முறை படித்தார்.

“பெரியண்ணா, நான் கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லலை,” என்றார். “ஆனா இதுல எனக்குப் பங்கே இல்லைன்னு எழுதியிருக்கே. இல்லாததை நான் எப்படி விட்டுக் கொடுக்கிறது? இருக்குன்னு எழுதுங்க. அப்புறம் கொடுக்கிறேனா, வச்சுக்கிறேனா, அதை நான் சொல்றேன்.”

“எல்லாம் ஒண்ணுதாம்மா. வக்கீல் எழுதுற பாணி அது,” என்றார் பெரியப்பா.

“ஒண்ணு இல்லைண்ணா.”

யாரும் பேசவில்லை. நான் என் நோட்டை மேசை ஓரத்தில் வைத்தேன். அப்பா அதை எடுத்து 2/9 என்பதைப் பார்த்துக் கொண்டே இருந்தார். பாட்டி அடுப்படியிலிருந்து கை துடைத்துக் கொண்டு வந்தார்.

“இந்தக் காகிதத்தை எழுதச் சொன்னது யாரு?” என்று கேட்டார்.

“நானும் தம்பியும்தாம்மா,” என்றார் பெரியப்பா.

“அப்ப நீங்க ரெண்டு பேரும் கடைசியில எடுங்க.”

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது, எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வெளியே போனார். இருவரும் மாமரத்தடியில் நின்று நெடுநேரம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அன்று எதிலும் கையெழுத்து ஆகவில்லை. இப்போது வேறொரு நகல் தயாராகி வந்திருக்கிறது. அதில் நான்கு பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே பின்னமும் இருக்கின்றன. அத்தை தம் பங்கை வைத்துக் கொள்வாரா, தருவாரா என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டடம் எழும்பினால் மாமரம் யார் பங்கிலும் வராது என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

அன்றிரவு அத்தை, பாட்டி, நான் மூவரும் ஒரே அறையில் படுத்தோம். கட்டில் பாட்டிக்கு, தரையில் பாய் எங்கள் இருவருக்கும். மின்விசிறி பாட்டியின் பக்கமே சுழன்று கொண்டிருந்தது. திங்கட்கிழமை திருத்திய வாக்கியத்தைக் காட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வர, எழுந்து விளக்கைப் போட்டு, ‘ஐ ஷேர்ட் எ ரூம் வித் மை ஆன்ட்’ என்று எழுதினேன். “இந்நேரத்துக்கு என்னடி எழுதுற?” என்றார் அத்தை. காட்டினேன். படித்துவிட்டு, “பாயை நீதான் முழுசா எடுத்துக்கிட்டே, அதையும் எழுது,” என்றார்.

திங்கட்கிழமை மிஸ் அதற்குச் சரி போட்டுக் கொடுத்தார்.